முதுகும் பொறியும்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களிலும் தமிழகத்துக் கிராமப் பாதைகளிலும் இன்றும் சில சுமைதாங்கிகள் எஞ்சி நிற்கின்றன. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் கை உதவியின்றித் தம் சுமையை இறக்கி வைத்து, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்வதற்கு ஏற்ற உயரத்தில் அவை அமைந்திருக்கும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் நினைவாக அவற்றை நிறுவும் வழக்கமும் இருந்தது. சுமப்பவரின் வேதனையை உணர்ந்த ஒரு சமுதாயத்தின் சான்றுகள் அவை என்பதில் ஐயமில்லை. எனினும், அக்கற்களை நாட்டிய அறவுணர்வு ஓர் எல்லையிலே நின்றுவிட்டது. சுமையைச் சிறிது நேரம் இறக்கி வைக்க அது இடம் கொடுத்தது. அச்சுமை ஏன் அந்தத் தலைமீது ஏறியது என்று அது கேட்கவில்லை.

சுமைதாங்கி செய்யாததை யந்திரம் செய்து முடிக்கும் என்று கடந்த இரு நூற்றாண்டுகளாக நமக்குச் சொல்லப்பட்டு வருகின்றது. நிலக்கரி, தானியம், உலோகத்தாது முதலியவற்றைச் சுரங்கத்தின் ஆழத்திலிருந்தும் கப்பலின் அடித்தளத்திலிருந்தும் மேலே தூக்குவது மனித உழைப்புகளுள் மிகக் கடினமான ஒன்று. கூடையில் அள்ளி, முதுகில் ஏற்றி, ஏணியில் ஏறிச் செய்த அவ்வேலையை இன்று கம்பிவடங்களும் வாளித்தொடர்களும் பாரந்தூக்கிகளும் செய்கின்றன. இதனை மனித குலத்தின் வெற்றி என்று கொண்டாடுவோர் உளர். மனிதனின் வேலையைப் பறித்த கொடுமை என்று வெறுப்போரும் உளர். இவ்விரு சாராரும் கேளாத ஒரு கேள்வியையே நாம் இங்கு எழுப்ப விரும்புகின்றோம்: முதுகிலிருந்து இறங்கிய சுமை எங்கே போயிற்று?

வகுப்பறையிலே கப்பியின் இயல்பை விளக்கும் ஆசிரியர், பொறிமுறை நயத்தைப் பற்றிச் சொல்லும்போது ஓர் உண்மையையும் சேர்த்தே சொல்கின்றார். விசையில் நாம் மிச்சம் பிடிப்பதைத் தூரத்திலே கொடுத்துத் தீர்க்க வேண்டும். ஒரு தொன் நிலக்கரியைப் பத்து மீற்றர் உயர்த்துவதற்கு வேண்டிய வேலை, அதை மனிதன் தூக்கினாலும் யந்திரம் தூக்கினாலும் குறைவதில்லை. யாரோ, எதுவோ, அந்தக் கணக்கைத் தீர்த்தேயாக வேண்டும். சமுதாயத்தின் கணக்கிலும் இதையொத்த ஒரு நியதி உண்டு என்பதே நமது வாதம். சுமை மறைவதில்லை, அது இடம் மாறுகின்றது. அது எவ்விடத்துக்கு மாறுகின்றது என்பதைப் பொறியியல் தீர்மானிப்பதில்லை. அப்பொறியை உடைமையாகக் கொண்டோருக்கும் அதன்கீழ் உழைப்போருக்கும் இடையிலுள்ள உறவே தீர்மானிக்கின்றது.

ஸ்கொட்லாந்தின் வரலாற்றை முதலில் நோக்குவோம். அந்நாட்டு நிலக்கரித் தொழிலாளரைச் சுரங்க முதலாளிக்குக் கட்டுப்பட்டவராக்கும் சட்டம் 1606இல் இயற்றப்பட்டது. அக்கட்டு முற்றாக அறுபட 1799ஆம் ஆண்டு வரை செல்ல வேண்டியிருந்தது. சட்டம் அறுபட்ட பின்னரும் சுமை அறுபடவில்லை. சுரங்கத்தினுள்ளே ஆண்கள் வெட்டிய கரியை அவர்களுடைய மனைவியரும் மகளிரும் முதுகிற் சுமந்து, படிகளிலும் ஏணிகளிலும் ஏறி, வெளியே கொணர்ந்தனர். ரொபேர்ட் போல்ட் என்ற சுரங்கப் பொறியியலாளர் 1808இல் இப்பெண்களின் நிலைபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். ஏறத்தாழ 170 றாத்தல் சுமையுடன் ஒரு பெண் நாளொன்றுக்கு 24 முறை ஏறியிறங்கினாள் என அவர் கணக்கிட்டார். அஃதாவது, ஒரே நாளில் 36 அந்தருக்கு மேல் ஒரு பெண்ணின் முதுகில் ஏறி வெளியே வந்தது.

இங்கு நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுரங்கத்திலிருந்து கரியைத் தூக்குவதற்கு நீராவிப் பொறியைப் பயன்படுத்தும் முறை 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே பிரித்தானியாவில் வந்துவிட்டது. குதிரைகள் சுற்றும் உருளைகள் அதற்கும் முன்னரே இருந்தன. இருந்தும், 1842ஆம் ஆண்டு அரசாங்க விசாரணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தபோது கிழக்கு ஸ்கொட்லாந்தின் சில சுரங்கங்களில் பெண்களும் சிறுமியரும் கரி சுமந்துகொண்டேயிருந்தனர். கண்டுபிடிப்புக்கும் அதன் பயன்பாட்டுக்கும் இடையே கழிந்த அந்த ஐம்பது ஆண்டுகளுக்கு யந்திரம் பொறுப்பாகாது. யந்திரத்துக்குப் பணம் செலவாகும். பெண்ணின் முதுகுக்கு ஆகும் செலவு அதனினும் குறைவு. அவ்வளவே அதன் இரகசியம்.

அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டம், பெண்களும் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடை செய்தது. இது முன்னேற்றமே. ஆனால், நாடாளுமன்றத்தில் எழுந்த பேரொலியை உற்றுக் கேட்போமாயின், அரைகுறை ஆடையுடன் பெண்கள் ஆண்களோடு வேலை செய்தது பற்றிய அருவருப்பே அதில் மேலோங்கி ஒலிப்பதைக் காணலாம். அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றிக் கவலைப்பட்ட கனவான்கள் அவர்களுடைய உணவைப் பற்றிக் கவலைப்படவில்லை. இழந்த கூலிக்கு ஈடு எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆணுடை தரித்துக் களவாகச் சுரங்கத்துக்குள் திரும்பிச் சென்ற பெண்களும் இருந்தனர். முதுகை முறிக்கும் வேலையை அவர்கள் விரும்பியா தேடிச் சென்றனர்? முதுகிலிருந்து இறங்கிய சுமை அவர்களுடைய வயிற்றின்மேல் ஏறியது.

இந்தியாவிலும் இதே நாடகம் வேறு உடையில் நடந்தேறியது. சுரங்கங்களின் நிலத்தடி வேலையிலிருந்து பெண்களைப் படிப்படியாக நீக்கும் விதிகள் 1929இல் கொண்டுவரப்பட்டன. ஆனால், இரண்டாவது உலகப்போரின்போது கரி போதாமற்போகவே, 1943இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 1946இல் மீண்டும் விதிக்கப்பட்டது. பெண்ணின் உடல்நலம் பற்றிய அறக்கோட்பாடு மூன்றாண்டுகளுக்கு விடுமுறை பெற்றுக்கொண்டது! சுமப்பவரின் குரல் இடம்பெறாத அறம், தேவைக்கேற்பத் திறக்கவும் மூடவும் கூடிய ஒரு கதவாகவே இருக்கும்.

இனி, துறைமுகங்களுக்கு வருவோம். இலண்டன் மாநகரின் தேம்ஸ் நதியிலே நிலக்கரிக் கப்பல்களைக் கையாலே இறக்கிய தொழிலாளர் கூட்டம் ஒன்று இருந்தது. சிலர் கப்பலின் அடித்தளத்தில் நின்று கூடையை நிரப்புவர். அக்கூடையின் கயிறு மேலேயுள்ள கப்பியின் வழியாக வந்து நால்வர் கையில் இருக்கும். அந்நால்வரும் படிமேடை ஒன்றில் விரைந்து ஏறி, கயிற்றைப் பற்றியபடியே ஒருங்கே கீழே குதிப்பர். அவர்களுடைய உடற்பாரம் இறங்க, கரிக்கூடை மேலெழும். மனித உடலையே யந்திரத்தின் ஓர் உறுப்பாக்கிய தொழில் இது. அதனினும் கொடியது, வேலை பெறும் முறை. தவறணைக்காரர்களே ஆட்களைத் திரட்டிக் கொடுக்கும் கங்காணிகளாக இருந்தனர். அவர்களுடைய தவறணையிற் குடித்துச் செலவிடாதவனுக்கு வேலை இல்லை. கூலியும் தவறணையிலேயே வழங்கப்பட்டது. 1843இல் வந்த ஒரு சட்டம் இவர்களுக்கென ஒரு வேலைப் பதிவகத்தை ஏற்படுத்தி அத்தளையை அறுத்தது. 1856இல் அச்சட்டம் காலாவதியாயிற்று. 1860களில் நீர்வலுவால் இயங்கும் பாரந்தூக்கிகள் தேம்ஸிலே நிலக்கரியை இறக்கத் தொடங்கின. காலப்போக்கில் அத்தொழிலே மறைந்தது.

இதற்கு எதிர்ப்புறமான கதை அத்திலாந்திக்கின் மறுகரையிலே நிகழ்ந்தது. ஐக்கிய அமெரிக்காவின் ஈரி ஏரிக்கரையிலுள்ள பஃபலோ நகரம், 1825இல் ஈரிக் கால்வாய் திறக்கப்பட்டபின், மேற்குச் சமவெளிகளின் தானியம் வந்திறங்கும் பெருந்துறையாயிற்று. அத்தானியத்தைக் கப்பலிலிருந்து முதுகிற் சுமந்து இறக்கியோர், பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்த ஏழைகள். 1842இல் ஜோசப் டார்ட் என்ற வணிகர், ரொபேர்ட் டன்பார் என்ற பொறியியலாளரின் துணையோடு, நீராவியால் இயங்கும் வாளித்தொடர் ஒன்றை அங்கு அமைத்தார். மாவாலைகளுக்கென ஒலிவர் எவன்ஸ் முன்னரே வகுத்திருந்த முறையை அவர் கப்பலுக்குப் பொருத்தினார். அம்முயற்சியின்போது சக வணிகர் ஒருவர் தம்மை எச்சரித்ததை டார்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அயர்லாந்துக்காரரின் முதுகைவிட மலிவான தூக்குபொறி உலகில் இல்லை என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். முதலாளித்துவத்தின் அறவியலை இதனினும் நேர்மையாக எவரும் எடுத்துரைத்ததில்லை எனலாம்.

டார்ட்டின் பொறி வெற்றி பெற்றது. எனினும், வாளித்தொடர் எட்டாத மூலைகளிலிருந்து தானியத்தைத் தள்ளிக் கொடுக்க, தூசி நிறைந்த கப்பலின் அடித்தளத்தில் ஆட்கள் தேவைப்பட்டனர். அவர்களை அமர்த்திக் கூலி கொடுத்தவர் யார்? மீண்டும் அதே தவறணைக்காரர்! தூக்குபொறி வந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், குடிக்கடன் கழித்த மிச்சமே பஃபலோத் தொழிலாளியின் கூலியாக இருந்தது. 1899இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்து போராடிய பின்னரே அந்த முறை ஒழிந்தது.

இவ்விரு துறைமுகங்களையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு நமது கேள்வியின் விடை தெளிவாகும். இலண்டனில் யந்திரம் வருமுன்னரே தவறணைத் தளை அறுபட்டது. பஃபலோவில் யந்திரம் வந்து ஐம்பது ஆண்டுகள் கடந்த பின்னரும் அத்தளை அறுபடவில்லை. யந்திரத்தின் வரலாறு வேறு. நீதியின் வரலாறு வேறு. முன்னையது பின்னையதைத் தானாகவே அழைத்து வரும் என்று எண்ணுவது பேதைமை. முன்னையதே பின்னையதற்குப் பகை என்று எண்ணுவதும் பேதைமையே.

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு விடை கூறுதல் நமது கடமை. காந்தியடிகள் 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ என்ற நூலில் யந்திரநாகரிகத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கையுழைப்பின் மேன்மையை வலியுறுத்தும் அம்மரபின் நல்லெண்ணத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால், எவருடைய கையுழைப்பு? கொழும்புப் புறக்கோட்டையிலே ‘நாட்டாமை’ எனப்படும் சுமைதொழிலாளர் இன்றும் அரிசி மூட்டைகளை முதுகிலே சுமந்து செல்கின்றனர். அதைப் பார்த்து உழைப்பின் புனிதம் பேசுவோர், அம்மூட்டையைத் தாம் சுமந்தவரல்லர். பாரந்தூக்கி உலகெங்கும் கிடைக்கின்ற காலத்திலும் அந்தத் தெருவுக்கு அது வராமைக்குக் காரணம் பண்பாடன்று. டார்ட்டை எச்சரித்த வணிகரின் கணக்கே. இங்கிலாந்தில் படகிழுக்கக் குதிரைக்குப் பதிலாகச் சில வேளைகளிற் பெண்களே இன்னும் பயன்படுத்தப்பட்டதை 1867இல் ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் சுட்டிக்காட்டியதும் இதே கணக்கைத்தான். மனித உடல் எங்கே மலிவோ அங்கே யந்திரம் தாமதிக்கும். ஆதலின், யந்திரத்தை எதிர்ப்பதனால் தொழிலாளியின் மாண்பு உயர்வதில்லை. அவனுடைய உழைப்பு மலிவாயிருப்பதை எதிர்ப்பதனாலேயே உயர்கின்றது. 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் எழுந்த கொழும்புத் துறைமுகத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை இந்நோக்கிலே மதிப்பிடுதல் வேண்டும். தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் கப்பல்களுக்குக் கூடை கூடையாய்க் கரி சுமந்த துறைமுகம் அது.

இன்று இலங்கையில் நிலக்கரியைக் கூடையிலே சுமந்து கப்பல் இறக்குவோர் இல்லை. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையிலே 900 மெகாவாற் கொள்ளளவுடைய அனல்மின் நிலையம் உள்ளது. அதன் முதல் அலகு 2011இலும் ஏனைய இரண்டும் 2014ஆம் ஆண்டளவிலும் இயங்கத் தொடங்கின. ஆழ்கடலில் நங்கூரமிடும் கப்பல்களிலிருந்து கரி தெப்பப்படகுகளுக்கு மாற்றப்படுகின்றது. இறங்குதுறையிலே கவ்விகள் அதை அள்ள, ஓடும் பட்டிகள் கரைக்குக் கொண்டுசெல்கின்றன. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் இறக்க இயலாது. ஆகவே, பல மாதங்களுக்கு வேண்டிய கரி திறந்த வெளியிலே மலையாகக் குவிக்கப்படுகின்றது. எவருடைய முதுகும் முறியவில்லை. ஆனால், காற்றெழும் காலத்தில் கரித்தூளும் சாம்பலும் தம் வீடுகளிலும் பயிர்களிலும் படிவதாகச் சுற்றுப்புறத்து மக்கள் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வருகின்றனர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மின்விளக்கின் கீழ் இருந்து நூல் படிக்கும் நமக்கு அத்தூள் தெரிவதில்லை. அன்று முதுகிலே தெரிந்த சுமை, இன்று கண்ணுக்குத் தெரியாத தூளாய் அயலாரின் நெஞ்சிலே இறங்குகின்றது. எரிந்த கரியின் புகையோ எல்லைகளைக் கடந்து வளிமண்டலத்தையே வெப்பமாக்குகின்றது. பிறக்கவிருக்கும் தலைமுறைகளின் தலையிலும் ஒரு கூடையை ஏற்றி வைக்கின்றது.

ஆகவே நிலக்கரியைக் கைவிடுதல் வேண்டும் என்பது இன்று வலுப்பெற்ற கருத்து. பிரித்தானியா தனது இறுதி ஆழ்நிலக்கரிச் சுரங்கத்தை 2015இலும், இறுதி நிலக்கரி மின்நிலையத்தை 2024இலும் மூடிவிட்டது. இம்மாற்றத்தை நாம் வரவேற்கின்றோம். ஆனால், 1842இன் பாடத்தை மறந்துவிட்டு வரவேற்றல் ஆகாது. தீய வேலையை ஒழிப்பது அறம். அவ்வேலையால் வாழ்ந்தோரைத் தெருவிலே விட்டு ஒழிப்பது, ஒரு தீமையை மற்றொன்றாக மாற்றுவதேயாகும். முதுகை முறிக்கும் வேலைக்கு மனிதனை உரியவனாக்கும் நியதி எதுவும் இல்லை. உணவுக்கும் ஓய்வுக்கும் அவன் உரியவன். முன்னையதைப் பறிப்போர் பின்னையதைக் கொடுத்தாக வேண்டும்.

பாரத்தைத் தூக்கும் ஒவ்வொரு பொறியின் முன்பும் நாம் கேட்க வேண்டியவை இவை: இதனால் மிச்சமான நேரம் யாருடைய ஓய்வாயிற்று? இதனால் மிச்சமான பணம் யாருடைய பெட்டியில் விழுந்தது? இறங்கிய சுமை இப்போது எவர்மீது நிற்கின்றது? அவர்களிடம் எவரேனும் சம்மதம் கேட்டனரா? இவற்றுக்குப் பொறியியலாளர் மட்டும் விடை கூறவியலாது. சுமந்தவரும் இப்போது சுமப்பவரும் ஒன்றுகூடிப் பேசும் ஆற்றலைப் பெறும்போதே விடை பிறக்கும்.

கப்பியின் பொறிமுறை நயத்தைக் கணிக்க மாணவனுக்குக் கற்பிக்கும் ஆசிரியத் தோழர்கள், அக்கணக்கின் இறுதியில் இவ்வினாக்களையும் சேர்த்து எழுதுவார்களாக. சூத்திரத்தை மனனம் செய்த மாணவன் பரீட்சையிலே தேறுவான். கயிற்றின் மறுமுனையில் நிற்பவர் யார் என்று கேட்கக் கற்றவனோ, சுமைதாங்கி நாட்டியதோடு நின்றுவிட்ட நமது பழைய அறத்தை ஓரடி முன்னே கொண்டுசெல்வான்.