முகத்தின் தோலை உரிக்கலாமா?

பருக்கள் ஆறிய இடத்தில் குழி விழுந்த தழும்புகளோடு இருக்கும் ஒரு பெண், அமிலம் பூசித் தோலை உரிக்கும் சிகிச்சை செய்துகொள்ள விரும்புகிறாள். அது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகுமா? ‘கூடாது’ என்று சட்டெனச் சொல்லிவிட நாம் பழகியிருக்கிறோம். சற்று நிதானிப்போம்.

பச்சை குத்துவோரையும், அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவோரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. முகத்தோலை உரிப்பவளைப் பற்றியே ஓர் அறிவிப்பு முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. அதன் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலை அறிஞர்கள். மறுபுறம், அறியாமைக் காலத்துக் குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களைப் பாருங்கள். வெள்ளியில் வைத்த மூக்கு நாற்றமெடுத்தபோது, ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்திலேயே வைத்துக்கொள்ளும்படி நபியவர்கள் பணித்தார்கள். முகத்தில் நேர்ந்த குறையை நீக்குவது வீண் அலங்காரமாகக் கருதப்படவில்லை.

பருவும் நோயே. எண்ணெய்ச் சுரப்பியின் துவாரம் அடைபட்டு, கிருமி பெருகி, வீங்கிச் சீழ் கட்டுகிறது. பிறவியில் வந்ததல்ல. 20 முதல் 30 சதவீதச் சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் அந்தத் துவாரத்துக்குள் இறங்கும். ஆழ்ந்த குழிகளில் டிரைகுளோரோ அசெடிக் அமிலத்தைக் குச்சி முனையால் தொட்டு வைப்பார்கள். சில வாரங்களுக்கு ஒருமுறையாகப் பல தடவை செய்தாலும் தழும்பு குறையுமே தவிர அடியோடு மறையாது. நம் மாநிறத் தோலிலோ, கை தவறினாலும் வெயிலில் அலைந்தாலும் முன்னிலும் கருமை படிந்துவிடும். தோல் மருத்துவரை விட்டுவிட்டு அழகு நிலையத்தில் முகத்தைக் கொடுப்பது தனக்குத்தானே தீங்கு தேடுவதாகும். தோல் பச்சையாக இருக்கும் நாட்களில் தண்ணீர் படலாமா என்று மருத்துவரிடமும், படக்கூடாதென்றால் உளூவுக்கு என்ன செய்வதென்று தம் மத்ஹபின் ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். தொழுகையைத் தள்ளிப்போட இது காரணமாகாது.

ஆகவே தழும்புக்காகச் செய்வது மருத்துவம். தடையில்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆனால் அதே அமிலத்தை நிறம் வெளுக்கவும் பூசுகிறார்கள். நிறம் நோயல்ல. நிறங்களின் வேறுபாட்டைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகவே இறைவன் சொல்கிறான் (30:22). அதை மாற்றத் துடிக்கும் பெண்ணைக் கண்டிக்கு முன், அவளை அங்கே அனுப்பியது யார் என்றும் கேட்க வேண்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் பலகாரம் தின்று, தேநீர் குடித்து, ‘நிறம் கொஞ்சம் மட்டு’ என்று மறுநாள் சொல்லி அனுப்பியவர்கள் வேற்றாரல்லர். அந்தக் கூடத்தில் நாமும் உட்கார்ந்திருக்கிறோம். வாய் திறக்காமல் எழுந்து வந்திருக்கிறோம்.