மாறுவதைக் காணும் மாறாதது

சித்தூரில் நடைபெற்ற ஒரு சத்சங்கத்தின் முடிவில், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுந்து கேட்டார்: "சுவாமிஜி, இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் ஜபம் செய்து வருகிறேன். என்னிடம் எந்த மாற்றமும் தெரியவில்லை. பழைய கோபம் அப்படியே இருக்கிறது. தியானத்தில் அமர்ந்தால் மனம் முன்னைவிட அதிகமாக ஓடுகிறது. இனி இதைத் தொடர்வதில் பயன் உண்டா?"

அவர் வாதத்துக்காகக் கேட்கவில்லை. குரல் தழுதழுத்தது. ஜபமாலையைக் கீழே வைத்துவிடலாமா என்ற நிலையில் நின்றுதான் அவர் கேட்டார். சாதனைப் பாதையில் சில காலம் நடந்த அனைவருக்கும் ஒரு நாள் இந்தக் கேள்வி எழவே செய்யும். ஆகவே அன்று அவருடன் சேர்ந்து சிந்தித்ததை அன்பர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

'மாற்றம் தெரியவில்லை' என்பது ஒன்று. 'மாற்றம் இல்லை' என்பது வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதை நாம் எளிதில் முடிவு செய்துவிடுகிறோம். அந்த முடிவு சரியானதா என்பதை முதலில் நமது புறக்கண்ணிடமே கேட்டுப் பார்ப்போம்.

கண்ணின் எல்லை

கண் என்பது மாற்றத்தை நாடும் கருவி. அசையாத ஒரு புள்ளியை உற்று நோக்கிக்கொண்டே இருந்தால், அதைச் சுற்றியுள்ள மங்கலான உருவங்கள் சில வினாடிகளில் மறைந்துபோவதை 1804-ஆம் ஆண்டிலேயே டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் நாட்டு மருத்துவர் பதிவு செய்தார். விழித்திரையில் விழும் பிம்பம் சிறிதும் அசையாதபடி கருவிகளால் நிலைநிறுத்தினால், அந்தக் காட்சியே மங்கி மறைந்துவிடுகிறது என்பதைப் பின்னாளைய ஆய்வுகள் காட்டின. நாம் ஒன்றை உற்றுப் பார்ப்பதாக எண்ணும்போதும் கண்மணி மிக நுட்பமாக அசைந்துகொண்டே இருக்கிறது. அந்த அசைவே காட்சியை உயிரோடு வைத்திருக்க உதவுகிறது.

ஆனால் மாற்றத்தை நாடும் இந்தக் கருவி எல்லா மாற்றங்களையும் காண்பதில்லை. மிக வேகமான மாற்றம் அதற்கு ஒரே தொடர்ச்சியாகத் தெரிகிறது. திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் தனித்தனியே காட்டப்படுகின்றன. நாமோ ஒருவர் நடந்து செல்வதைக் காண்கிறோம். சுழலும் கொள்ளிக்கட்டை நெருப்பு வளையமாகத் தெரிகிறது. ஒளியின் பதிவு கண்ணில் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை, சுழலும் தணலைக் கொண்டே தார்சி என்பவர் பிரான்சில் 1765-இல் அளந்தார். ஏறத்தாழ ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு என்பது அவர் கண்ட அளவு. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நமது கௌடபாதர், மாண்டூக்ய காரிகையின் நான்காம் பிரகரணத்தில் இதே கொள்ளிக்கட்டையை உவமையாக எடுத்தாண்டார். அந்தப் பிரகரணத்தின் பெயரே 'அலாதசாந்தி'. அதாவது கொள்ளியின் அடங்கல்.

மிக மெதுவான மாற்றமோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கடிகாரத்தின் சிறிய முள் நகர்வதை யாரும் கண்டதில்லை, நகர்ந்திருப்பதைத்தான் காண்கிறோம்.

காணிப்பாக்கத்துக் கவசம்

சித்தூரிலிருந்து சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் காணிப்பாக்கம் உள்ளது. அங்கே எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகர் சுயம்பு மூர்த்தி. அவர் திருமேனி வளர்ந்துகொண்டே இருக்கிறது என்பது பக்தர்களின் நம்பிக்கை. சந்நிதியில் நின்று எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் அந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாது. நாள்தோறும் பூஜை செய்யும் அர்ச்சகர் கண்ணுக்கும் தெரியாது. பின் எப்படி அறிந்தார்கள்? பல ஆண்டுகளுக்கு முன் பக்தர் ஒருவர் செய்தளித்த வெள்ளிக் கவசம் இன்று சுவாமிக்குப் பொருந்துவதில்லை என்று கூறுவார்கள்.

ஆசிரியரிடம் கேட்டோம்: "ஐயா, தங்களுடைய பழைய கவசங்கள் இன்றும் பொருந்துகின்றனவா? முன்பு கோபம் வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கும்?"

சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: "முன்பெல்லாம் தம்பியோடு சண்டை போட்டால் மாதக்கணக்கில் பேசமாட்டேன். இப்போது மாலைக்குள் நானே போய்ப் பேசிவிடுகிறேன்." சொல்லி முடித்ததும் அவரே மௌனமானார்.

கோபம் எழுவதை மட்டும் அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். அது தங்கும் காலம் குறைந்து வந்ததைப் பார்க்கவில்லை. தன்னுடனேயே இருப்பவன் தன் மாற்றத்தை உணர்வதில்லை. நோன்புகளும் நாட்குறிப்பும், நம்மை உரிமையோடு கண்டிக்கும் நல்லோரும் நமக்கு வாய்த்த கவசங்கள். ஆண்டுக்கொரு முறை அவற்றை அணிந்து பார்க்கலாம். நாள்தோறும் பார்த்து ஏங்கத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. சாதனையில் சோர்வு புகும்போதும் அது இதே போல மெல்லத்தான் புகுகிறது. ஆகவே கவசம் நம் வளர்ச்சியைக் காட்டுவது போலவே நம் தேய்வையும் காட்டும்.

கபில தீர்த்தத்துப் பாறை

அவரது இரண்டாவது குறை, தியானத்தில் மனம் அதிகமாக ஓடுகிறது என்பது. இதற்கு விடை திருப்பதியிலேயே இருக்கிறது. திருமலையின் அடிவாரத்தில், கபில முனிவர் சிவபெருமானை வழிபட்டதாகப் போற்றப்படும் கபில தீர்த்தம் உள்ளது. மழைக்காலத்தில் மலைமேலிருந்து அருவி புஷ்கரிணியில் வந்து விழும். அந்த அருவியை ஒரு நிமிட நேரம் இமைக்காமல் பார்த்துவிட்டு, அருகிலுள்ள பாறையைப் பாருங்கள். பாறை மெல்ல மேல்நோக்கி எழுவதுபோல் தோன்றும்! ஸ்காட்லாந்தின் ஃபாயர்ஸ் அருவியருகே ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் இதைக் கண்டு 1834-இல் எழுதினார்.

காரணம் இதுதான். கீழ்நோக்கிய அசைவை அறியும் மூளைச் செல்கள் நெடுநேரம் வேலை செய்து தளர்கின்றன. மேல்நோக்கிய அசைவை அறியும் செல்கள் தளரவில்லை. தராசு ஒரு பக்கம் சாய்கிறது. நிற்கும் பாறை நகர்வதாகத் தெரிகிறது.

நாள் முழுவதும் உலகியல் என்னும் அருவியைப் பார்த்திருந்துவிட்டு மாலையில் அமர்கிறோம். அமர்ந்தவுடன் உள்ளே எல்லாம் ஓடுவதுபோல் தோன்றுகிறது. 'தியானம் என்னைக் கலக்குகிறது' என்று எண்ணி எழுந்துவிடுகிறோம். பாறை நகர்கிறது என்று பயந்து ஓடுபவன் அது நிற்பதைக் காண்பதே இல்லை. சற்று நேரம் பாறையையே பார்த்திருப்பவனுக்கு அது தானே நிலைபெறுகிறது. புறத்தே இதற்குச் சில வினாடிகள் போதும்; அகத்தே சில ஆண்டுகள் ஆகலாம். முறை ஒன்றுதான்.

காண்பவர் யார்?

இன்னும் ஒரு படி உள்ளே செல்வோம். மூளை நோயால் அசைவைக் காணும் திறனை மட்டும் இழந்த ஒரு பெண்மணியைப் பற்றி ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள். நிறமும் உருவமும் அவருக்குத் தெரிந்தன. ஆனால் கோப்பையில் ஊற்றும் தேநீர் உறைந்து நிற்பதுபோல் தெரிந்தது. தொலைவில் இருந்த கார் திடீரென்று அருகில் நின்றது. சாலையைக் கடப்பதே அவருக்கு அச்சமாயிற்று. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: அசைவைக் காணும் திறன் போயிற்று; 'போயிற்று' என்று அறிந்தவர் போகவில்லை.

இதையே நமது ஆசாரியர்கள் படிப்படியாக விளக்கினார்கள். உருவங்கள் மாறுகின்றன; கண் அவற்றை அறிகிறது. கண் தெளிவதும் மங்குவதும் மனத்துக்குத் தெரிகிறது. மனம் கலங்குவதும் அடங்குவதும் சாட்சிக்குத் தெரிகிறது. சாட்சியோ மாறுவதில்லை. மாறும் பிரகிருதி வேறு, காணும் புருஷன் வேறு என்று சாங்கியம் கூறியதும் கபிலர் பெயரால்தான்.

'முந்தையதையும் பிந்தையதையும் ஒப்பிட மூளையின் நரம்புகளே போதுமே, சாட்சி எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எப்படி ஒப்பிடப்படுகிறது என்பதை அறிவியல் விளக்குகிறது; அதை மதிப்போம். அறிவியல் ஆன்மாவை நிரூபித்துவிட்டது என்று நாம் மிகையாகப் பேச வேண்டாம். ஒப்பிடப்பட்டது யாருக்குத் தெரிகிறது என்பது வேறு கேள்வி. நேற்றுக் கண்டவனும் இன்று நினைவுகூர்பவனும் ஒருவனே என்ற அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டுதான் சங்கரர் க்ஷணிகவாதத்தை மறுத்தார். அந்த அனுபவத்தை ஒவ்வொருவரும் தம்முள்ளேயே ஆராய்ந்து அறிய வேண்டும்.

திருமலையில் பல மணி நேரம் காத்திருந்து கர்ப்பகிருகத்தின் எதிரே வருகிறோம். சில வினாடிகளில் 'ஜருகண்டி' என்ற குரல் நம்மை நகர்த்திவிடுகிறது. 'பார்ப்பதற்குள் போய்விட்டதே' என்று வருந்துகிறோம். போனது யார்? வரிசை நகர்கிறது, நாம் நகர்கிறோம்; வேங்கடேசப் பெருமாள் நின்ற திருக்கோலத்தில் நின்றபடியே இருக்கிறார். நம்முள் நிற்பவரும் அவ்வாறே நிற்கிறார்.

அந்த ஆசிரியர் ஜபமாலையைக் கீழே வைக்கவில்லை. நாமும் வைக்க வேண்டாம். மாற்றம் தெரியாத நாட்களிலும் சாதனையை விடாமல் தொடரும் உறுதியை இறைவன் நம் அனைவருக்கும் அருள்வாராக!