ஈகைக்கு முந்தைய அதிகாரம்

திருக்குறளில் ஈகை 23ஆம் அதிகாரம். அதற்கு முன்னால் ஒப்புரவறிதல் நிற்கிறது. இல்லாதவருக்குக் கொடுப்பது ஒன்று. ஊரோடு சேர்ந்து வாழ்வதாலேயே ஊருக்குச் செய்ய வேண்டியது இன்னொன்று என்று வள்ளுவர் பிரித்துவைத்தார். எழுத்தறிவுப் பணியில் இறங்கும் ரோட்டரி, அரிமா சங்கங்கள் இந்த இரண்டில் எதைச் செய்கின்றன? நோட்டும் பையும் வழங்கி முடிகிற விழா ஈகை. அதைக் குறைசொல்ல மாட்டேன். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுக்கு அது பெரிய ஒத்தாசை. ஆனால் எழுத்து மேடையில் கைமாறும் பொருள் அல்ல. ஒருவர் பக்கத்தில் மாதக்கணக்கில் இன்னொருவர் உட்கார்ந்தால்தான் அது வரும். அதனால் அது ஒப்புரவைச் சேர்ந்தது என்பதே என் கருத்து.

நீலகிரியின் சேரம்பாடியில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1964ஆம் ஆண்டு சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக இந்த மலையில் அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. பந்தலூர் வட்டாரத்துக் கடைத்தெருவும் வியாபாரமும் அவர்கள் பறித்த கொழுந்திலும் வளர்ந்தவை. சங்கத்தின் சந்தாப் பணத்திலும் அந்த உழைப்பு இருக்கிறது. கொழுந்து மூட்டை எடை போடும் இடத்தில் கிலோ ஏட்டில் ஏறுகிறது. அந்த எண்ணைத் தானே படித்துப் பார்க்க முடியாத பெண், பிறர் சொல்லை நம்பித்தான் கூலி வாங்க வேண்டும். அவளுக்குப் படிக்கக் கற்றுக்கொடுப்பதைத் தருமம் என்று எப்படிச் சொல்வது? பட்ட கடனின் ஒரு பங்கு அது.

இது அரசின் வேலை அல்லவா என்பார்கள். ஆம், அரசின் வேலைதான். ஆனால் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. எடை ஏட்டைப் படிக்க முடியாத அந்தப் பெண்ணுக்கு அதில் இடமில்லை. வயது வந்தோருக்காக 2022இல் வந்த மத்தியத் திட்டமும் தன்னார்வலர்களையே நம்பியிருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தை ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்தினார். ஆனாலும் ஊர் ஊராக உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள்தான். அங்கே பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழகினார்கள், கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். பாடம் பிழைப்போடு ஒட்டியதால்தான் அது நடந்தது.

இன்னொரு மறுப்பு கனமானது. இங்குள்ள பழங்குடிகளான பணியரும் காட்டுநாயக்கரும் தலைமுறை தலைமுறையாகக் காட்டை அறிந்தவர்கள். அவர்களுக்கு நாம் அறிவு புகட்டப் போவது ஆணவம் இல்லையா? கொடுக்கும் கை மேலே இருக்கும்வரை ஆணவம்தான். பாடம் அவர்கள் பேச்சில், அவர்களுக்குத் தெரிந்த செடிகொடிப் பெயர்களில் தொடங்கி, சொல்லிக்கொடுக்க வந்தவரும் அங்கே கற்றுக்கொண்டால் அந்தக் குற்றச்சாட்டு வலுவிழக்கும். இருட்டினால் யானை இறங்கும் ஊரில் இரவு வகுப்புக்கு நேரம் குறிக்கக்கூட அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

விழாவும் படமும் இல்லாவிட்டால் நன்கொடை வராது என்ற கவலை நியாயமானது. விழா நடக்கட்டும். அந்தப் பணத்தில் பெரும்பங்கை, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலேயே வசிக்கும் படித்த பெண் ஒருத்திக்கு ஓராண்டுச் சம்பளமாகத் தந்து, அங்கேயே பகல் வெளிச்சத்தில் வகுப்பு நடத்தச் சொல்லலாம்.