கால் ஊன்றாமல் ஓர் எட்டு

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 10 இருசக்கர வண்டிகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ஒன்று கியர் இல்லாத மோட்டார் சைக்கிள், மற்றொன்று கியர் உள்ள மோட்டார் சைக்கிள். உரிமத்துக்கு விண்ணப்பிப்பவர் எந்த வகை வேண்டும் என்று குறிப்பிட வேண்டும். பெண்கள் பலருக்கு இந்தக் கேள்வி வந்து சேர்வதே இல்லை. அவர்களுடைய படிவத்தைப் பூர்த்தி செய்பவர், அண்ணனோ கணவரோ ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரரோ, ‘கியர் இல்லாதது’ என்ற கட்டத்தில் குறி போட்டுவிடுகிறார். ஆணுக்கு அவர் கேட்காமலே போடும் குறி ‘கியர் உள்ளது’.

பிறகு தேர்வு நாள் வருகிறது. பெரிய ஸ்கூட்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பெண் ஆர்.டி.ஓ. மைதானத்துக்குப் போகிறாள். கால் ஊன்றாமல் எட்டு போடுகிறாள், தேறுகிறாள். வீட்டிலும் அலுவலகத்திலும் அவள் கேட்பது பெரும்பாலும் இதுதான்: “ஸ்கூட்டியில எட்டு போடறது ஒரு விஷயமா?” வண்டி எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், பெண் ஓட்டினால் அது ஸ்கூட்டிதான்.

இதைக் கேலி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இதற்குள் ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது. எளிதாக அடைந்த தகுதி குறைந்த தகுதியா? கஷ்டப்படாமல் கிடைத்ததை ‘நான் சம்பாதித்தது’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டா?

முதலில், அது எளிதா என்று பார்ப்போம்.

எட்டு என்பது வேகத்துக்கு வைக்கும் சோதனை அல்ல. மெதுவாகப் போகும்போது வண்டி விழாமல் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்பதற்கான சோதனை அது. கியர் வண்டியில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. கிளட்சைப் பாதி பிடித்துக்கொண்டால் இன்ஜினின் இழுவையை நூல் பிடித்ததுபோல் கூட்டிக் குறைக்கலாம். முழங்கால்களால் பெட்ரோல் டேங்கை இறுக்கிக்கொள்ளலாம். பெரிய சக்கரங்கள் வண்டியை நிதானமாக வைத்திருக்கும். தானியங்கி ஸ்கூட்டரில் இவை எதுவும் இல்லை. அதன் கிளட்ச் நம் கைக்குள் வராது. இன்ஜின் வேகம் கூடினால் தானே பிடிக்கும், குறைந்தால் தானே விட்டுவிடும். வளைவின் நடுவில் விட்டுவிட்டால் வண்டி தள்ளாடும், சட்டென்று பிடித்தால் முன்னால் பாயும். அதனால் ஓட்டுபவர் வலது கையால் ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்துக்கொண்டு, இடது கையால் பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே திரும்ப வேண்டும். சக்கரங்கள் சிறியவை. முழங்காலால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. வண்டி நீளமாகவும் கனமாகவும் ஆக, எட்டின் இரண்டு வட்டங்களும் நெருக்கிக்கொண்டு வரும்.

இன்னொன்றும் உண்டு. கியர் வண்டியில் எட்டு போடுபவர் பெரும்பாலும் முதல் கியரிலேயே தொடங்கி முதல் கியரிலேயே முடித்துவிடுவார். கியர் மாற்ற வேண்டிய தேவையே வராது. எந்தத் திறமையின் பெயரால் அவருடைய உரிமம் உயர்ந்தது என்கிறோமோ, அந்தத் திறமையை எட்டு சோதிப்பதே இல்லை.

ஆக, ‘எளிது’ என்று சொல்லப்படுவது கண்ணுக்குத் தெரியாத திறமை. கிளட்சை அழுத்துவது கையில் தெரிகிறது, கியரை மிதிப்பது காலில் தெரிகிறது. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்துச் சமன் செய்வது வெளியே தெரிவதில்லை. வெளியே தெரியாத வேலையை வேலை இல்லை என்று சொல்லும் பழக்கம் நமக்குப் புதிதா என்ன?

அடுத்து, இந்தக் கோடு எதற்காக? சாலையில் இருக்கும் மற்றவர்களின் பாதுகாப்புக்கு என்றால், கோடு வேறு இடத்தில் விழுந்திருக்க வேண்டும். நம் சாலைகளில் மிகவும் பழகிய கியர் வண்டியான ஸ்பிளெண்டரின் எடை சுமார் 112 கிலோ, சக்தி சுமார் 8 குதிரைத்திறன். யமஹாவின் ஏரோக்ஸ் 155 என்ற தானியங்கி ஸ்கூட்டரின் எடை சுமார் 126 கிலோ, சக்தி ஏறக்குறைய 15 குதிரைத்திறன். அல்ட்ராவயலெட் நிறுவனத்தின் எஃப்77 மின்சார மோட்டார் சைக்கிள் மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. அதில் மாற்றுவதற்குக் கியரே இல்லை. மோதினால் எது அதிகம் காயப்படுத்தும் என்பதைக் கியர் தீர்மானிப்பதில்லை. எடையும் வேகமும் தீர்மானிக்கின்றன.

காரை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அதே பிரிவு 10 காரை ‘இலகுரக மோட்டார் வாகனம்’ என்று ஒரே வகையில் வைக்கிறது. தானியங்கி காரில் தேர்வு கொடுத்தவருக்கும் கியர் காரில் தேர்வு கொடுத்தவருக்கும் கிடைப்பது ஒரே உரிமம். கிளட்ச் மிதிக்கத் தெரியாதவர் ஆயிரம் கிலோ எடையுள்ள கியர் காரைச் சாலைக்கு எடுத்துவந்தால் சட்டத்துக்குக் கவலை இல்லை. நூறு கிலோ வண்டியில் மட்டும் கவலைப்படுகிறது.

பெண்களை மனதில் வைத்துத்தான் சட்டம் இந்தக் கோட்டைப் போட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிரிவில் ஆண், பெண் என்ற சொற்களே இல்லை. கோட்டைச் சட்டம் போட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண்ணையும் அந்தப் பக்கம் ஆணையும் நிறுத்தி, அந்தப் பக்கம் உயர்ந்தது என்று சொன்னது நாம்.

நம் ஊர் வண்டிகளின் வரலாறே இதற்குச் சாட்சி. 1972இல் வந்த பஜாஜ் சேட்டக் ஒரு ஸ்கூட்டர். இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்ற வேண்டும். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார, பிள்ளை முன்னால் நிற்க, அது குடும்பத் தலைவரின் வண்டியாக இருந்தது. அதை யாரும் பெண்மையோடு சேர்த்துப் பேசவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அதில் கியர் கிடையாது. பால் கேனும் காய்கறி மூட்டையும் துணிப் பொதியும் ஏற்றிக்கொண்டு ஆண்கள் அதில் ஊர் ஊராகப் போனார்கள், இன்றைக்கும் எக்ஸ்எல்லில் போகிறார்கள். அவர்களிடம் யாரும் “கியர் இல்லாத வண்டிதானே” என்று இளப்பமாகச் சொல்வதில்லை. கியர் இல்லாத வண்டி ஆணிடம் இருந்தால் அதற்குப் பெயர் உழைப்பு, பெண்ணிடம் இருந்தால் சொகுசு. சேட்டக் 2020இல் மின்சார வண்டியாக மறுபடி விற்பனைக்கு வந்தபோது கியர் போய்விட்டது. அப்பாவின் வண்டி அதே பெயரோடு படிவத்தின் மற்றொரு கட்டத்துக்கு மாறிவிட்டது.

இதே கணக்கு சமையலறையிலும் உண்டு. மிக்சி வந்தபோது “அம்மியில அரைச்சாதான் ருசி” என்றவர்கள், பவர் ஸ்டியரிங் வந்தபோது “கையால மல்லுக்கட்டித் திருப்பினாதான் டிரைவர்” என்று பேருந்து ஓட்டுநரிடம் சொல்லவில்லை. ஆணின் வேலைக்குள் இயந்திரம் வந்தால் முன்னேற்றம், பெண்ணின் வேலைக்குள் வந்தால் சோம்பேறித்தனம். அந்தக் கணக்கில் பெண்ணின் தகுதி அவள் எதைச் செய்தாள் என்பதை வைத்து அளக்கப்படுவதில்லை, எவ்வளவு வலித்தது என்பதை வைத்து அளக்கப்படுகிறது.

ஓட்டுநர் உரிமம் பதக்கம் அல்ல. பட்ட சிரமத்துக்குச் சமூகம் தரும் பரிசும் அல்ல. முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே, அவர்களுக்குத் தீங்கு செய்யாமல், இந்த வண்டியை இவர் ஓட்டுவார் என்று அவர்கள் சார்பில் அரசு தரும் உறுதி அது. சாலையைக் கடக்கும் கிழவிக்கு, வருகிற வண்டியை ஓட்டுபவர் எவ்வளவு கஷ்டப்பட்டு உரிமம் வாங்கினார் என்பது முக்கியமல்ல. பிரேக் பிடிப்பாரா என்பதுதான் முக்கியம். அந்த உறுதியைத் தானியங்கி வண்டியில் எட்டு போட்டவரும் முழுமையாகவே தருகிறார்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கிளட்சும் கியரும் கற்க வேண்டிய திறமைகள்தானே? ஆம். அது தெரியாதவர் நாற்சந்தியில் வண்டியை அணைத்துவிட்டு நின்றால் ஆபத்துதான். எதை ஓட்டிக் காட்டினாயோ அதற்கு மட்டும் உரிமம் என்பது நேர்மையான விதி. பிரிட்டனில் தானியங்கி வண்டியில் தேறியவர் தானியங்கியை மட்டுமே ஓட்டலாம். காருக்கும் அதே விதி, மோட்டார் சைக்கிளுக்கும் அதே விதி. ஜப்பான் 2005இல் மோட்டார் சைக்கிளுக்குத் தானியங்கி மட்டும் என்ற உரிமத்தைக் கொண்டுவந்தது. அதை வைத்திருப்பவர் 650 சிசிக்கு மேல் ஓட்டக் கூடாது என்றிருந்த வரம்பை 2019இல் நீக்கியது. இந்தக் கோடுகள் இயற்கையில் இருப்பவை அல்ல, வண்டிகள் மாறினால் மாற்றிக்கொள்ளக் கூடியவை என்பது இதில் தெரிகிறது. ‘இது உனக்குத் தெரியும், அது இன்னும் தெரியாது’ என்று சொல்வது தகவல். ‘அது தெரியாததால் நீ குறைந்தவள்’ என்று சொல்வது தீர்ப்பு. உரிம அட்டை தகவலோடு நிற்கட்டும்.

ஆனால் நம் பக்கமும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தானியங்கி குறைந்ததல்ல என்று நிறுவிவிட்டு அதோடு நின்றுவிட்டால், கட்டம் அப்படியே இருக்கும். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அதை மானியமாகத் தந்தது. பேருந்துக்கும் பிறர் தயவுக்கும் காத்திருந்த பெண்களுக்கு அது பெரிய விஷயம். அதே திட்டம் எந்த வண்டி என்பதையும் சொன்னது: 125 சிசிக்கு மேற்படாத, கியர் இல்லாத அல்லது தானியங்கி வண்டி. கொடுக்கிற கையே கட்டத்தையும் வரைந்துவிட்டது.

கட்டத்தின் விளைவு பிறகு வரும். வீட்டில் யாருக்கோ நெஞ்சு வலிக்கிறது, நிற்பது கணவரின் கியர் வண்டி மட்டும். அவளுக்கு ஓட்டத் தெரிந்திருந்தாலும் அட்டையில் அந்த வகை இல்லை. வழியில் விபத்து நேர்ந்தால், உரிய உரிமம் இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் வாதிடலாம். பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்ததும் உண்டு. படிவத்தில் யாரோ போட்ட ஒரு குறி, அவள் எந்த வண்டியை எடுக்கலாம், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானித்துவிடுகிறது.

புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். ‘லேடீஸ் சைக்கிள்’ போதவில்லை. அதனால் ஆண்களின் சைக்கிளையே எடுத்தார்கள். சிலருக்கு அதுவே பிடித்துப்போனது, ஏனென்றால் சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். எது பெண்ணுக்கான வண்டி என்று கடையில் எழுதியிருந்ததை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தங்கள் நாளில் என்னென்ன வேலை இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்தார்கள்.

உரிமப் படிவத்திலும் நாம் செய்ய வேண்டியது அதுதான். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, அலுவலகம் போய், திரும்பும் வழியில் கடைக்கு ஓர் எட்டு போய்வரத் தானியங்கி போதும் என்றால், அதில் தேர்வு கொடுப்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சேலையில் கால் தூக்கிப் போட முடியாததால், மூட்டு வலிப்பதால், முன்னால் பை வைக்க இடம் வேண்டும் என்பதால், அல்லது சும்மா பிடித்திருப்பதால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். காரணம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கியரும் வேண்டும் என்றால், ஏற்கெனவே உள்ள உரிமத்தில் அந்த வகையைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பழகுநர் உரிமம் எடுத்து, பழகி, மறுபடி ஒரு தேர்வு. அதையும் யாருக்கும் நிரூபிப்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். படிவத்தை நாமே வாங்கி, நாமே படித்து, இரண்டு கட்டங்களையும் பார்த்துவிட்டு, நம் கையால் குறி போடுவோம். அதற்கு முன்பே யாராவது போட்டிருந்தால், புதிய படிவம் கேட்போம்.