டோவரைத் தாண்ட என்ன தயக்கம்?

போன கோடையிலும் இதைத்தானே சொன்னாய்? "அடுத்த வருஷம் கட்டாயம் காரிலேயே பாரிஸ் போவோம்!"

அடுத்த வருஷம் வந்தாயிற்று. கார் வாசலில் நிற்கிறது. நீ இன்னும் சோபாவில் கிடக்கிறாய்!

கேட்டால் ஒரே பல்லவி. "ஃபெரி டிக்கெட் யானை விலை!"

எப்போது பார்த்தாய் அந்த விலையை? ஜூலை நடுவில்! எந்த நாளுக்குப் பார்த்தாய்? பள்ளிக்கூடம் மூடிய முதல் சனிக்கிழமை, காலை பத்து மணிக் கப்பலுக்கு!

லண்டன் முழுக்க அந்தக் கப்பலைத்தான் கேட்கிறது. விலை ஏறாமல் என்ன செய்யும்?

ஃபெரிக்கு ஒரே விலை என்று எதுவும் கிடையாது. இடம் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும். உன் காரை ஒட்டி நிற்கும் கார்க்காரன் குளிர்காலத்திலேயே முடிவெடுத்தவன். அதே கப்பல், அதே கடல். உன்னைவிடக் குறைந்த காசு!

அவன் உன்னைவிடக் கெட்டிக்காரனா? இல்லவே இல்லை. லீவு எப்போது என்று மேனேஜரிடம் போய்க் கேட்டான், அவ்வளவுதான். நீ கேட்டாயா?

செவ்வாய், புதன் பார்! விடிகாலைக் கப்பல் பார்! நள்ளிரவுக் கப்பல் பார்! டோவரில் இரவும் பகலும் கப்பல் ஓடுகிறது.

"அந்த நேரத்தில் எப்படி எழும்புவது?" என்கிறாய். ஊருக்குப் போகும் விமானம் என்றால் மட்டும் தூங்காமலே பெட்டி கட்டுகிறாயே! அப்போது எங்கே போயிற்று இந்த அலுப்பு?

ஒரு கம்பெனியின் விலையைப் பார்த்துவிட்டுப் போனை மூடாதே. டோவரிலிருந்து கலேக்கு பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரீஸ் மூன்றும் ஓடுகின்றன. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். மூன்றையும் பார்!

பெல்ஜியம், ஜெர்மனிப் பக்கம் போகிறாயா? டன்கர்க் கப்பலையும் பார். கடலில் அரை மணி நேரம் கூடும். தரையில் கொஞ்சத் தூரம் மிச்சம்.

காரோடு கடலுக்கடியில் போகும் ரயில் 35 நிமிடத்தில் கொண்டுபோய் விடும். பெரும்பாலும் காசு கூட. அவசரம் இல்லாத கோடை விடுமுறையில் அந்த அவசரத்துக்கு எதற்கு விலை கொடுக்கிறாய்? கப்பலில் பிள்ளைகள் ஓடித் திரியட்டும்!

டிக்கெட் விலை மட்டும் கணக்கல்ல. பிரான்சின் பிரித்தானிப் பக்கம் போகிறவன் மலிவென்று டோவரில் ஏறினால், பெட்ரோலும் சுங்கமும் நடுவழி ஹோட்டலும் சேர்ந்து மிச்சத்தை விழுங்கிவிடும். போர்ட்ஸ்மவுத்திலிருந்து நேரே அங்கே போகும் சான் மாலோ கப்பல் விலை கூடத்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து முடிவெடு!

மாற்ற முடியாத டிக்கெட்தான் பெரும்பாலும் மலிவு. துணிந்து எடு! ஆனால் வீட்டில் வயதான அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்றக்கூடிய டிக்கெட்டை வாங்கு. அதைப் பயம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கார் கூரையில் பெட்டி கட்டுகிறாயா? உயரத்தை உள்ளபடி சொல்லிப் பதிவு செய். மறைத்தால் துறைமுகத்தில் கூடுதல் காசு கேட்பார்கள்.

சரி, காசுக் கணக்கு முடிந்தது. இப்போது உண்மையைச் சொல். உன்னைத் தடுப்பது காசா?

இல்லை! வலது பக்கம் ஓட்ட வேண்டுமே என்ற பயம்!

கப்பல் தளத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மேலே போனவன், இறங்கும் அறிவிப்பு கேட்டதும் கை வியர்க்க ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான். நீ முதல் ஆள் என்று நினைத்தாயா? உனக்கு முன்னால் நிற்கும் வரிசை முழுக்க அதே வியர்வைதான்!

கலே துறைமுகம் உன்னைச் சந்து பொந்தில் தள்ளிவிடாது. நேரே பெருஞ்சாலையில் கொண்டு சேர்க்கும். எதிரே வண்டி வராது. வலது ஓரமாகப் போ. மழை இல்லாவிட்டால் மணிக்கு 130 கிலோமீட்டர், மழையில் 110, அதுதான் மேல் எல்லை. மெதுவாகப் போனால் உன்னை யார் அடிப்பார்கள்?

சுங்கச்சாவடி இடது பக்கம் இருக்கும். உனக்கு எட்டாது. பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கார்டைக் கொடு, அவர் கட்டட்டும். இதற்கா இத்தனை நாள் நடுங்கினாய்?

துணிவு என்றால் என்ன என்று கேள். 1875 ஆகஸ்ட் 12. மேத்யூ வெப் என்ற நீச்சல் வீரர் இதே ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க இறங்கினார். காற்றும் அலையும் விடவில்லை. பாதியில் கைவிட்டார்.

வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தாரா? 24ஆம் தேதி மறுபடி டோவரில் குதித்தார்! ஜெல்லி மீன் கொட்டியது. நீரோட்டம் இழுத்து அலைக்கழித்தது. ஏறத்தாழ 22 மணி நேரம் கழித்துக் கலேயில் கரையேறினார்!

1994இல் நம் நீச்சல் வீரர் குற்றாலீஸ்வரன் அதே கடலில் இறங்கி நீந்திக் கடந்தார். அன்று அவர் பள்ளிக்கூடப் பையன்!

நீ நீந்த வேண்டாம் அப்பா. ஜன்னலோரம் உட்கார்ந்து தேநீர் குடித்தால் போதும்!

எழுந்திரு! பாஸ்போர்ட்டை எடு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டா? காலாவதித் தேதியை மட்டும் பார்த்து ஏமாறாதே. பிரான்சில் நுழையும் நாளில் அது கொடுக்கப்பட்டுப் பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது. திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா. அதற்கு இன்றே விண்ணப்பி! பிரெஞ்சு அதிகாரிகள் டோவரிலேயே சோதிப்பார்கள். அங்கே திருப்பி அனுப்பினால் கப்பலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

எச்சரிக்கை முக்கோணம், மஞ்சள் மேலங்கி, காரின் பின்னால் 'யுகே' ஸ்டிக்கர், முகப்பு விளக்குக்கு ஒட்டுத்தாள். கடையில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். இன்சூரன்ஸ்காரனுக்கு ஒரு போன்.

இறைச்சியும் பாலும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பிரிட்டன் அதிலிருந்து பிரிந்து போன பிறகு அப்படித்தான். பொலித்தீனில் கட்டிய கோழிக்கறிப் பார்சலுக்கும் அதே சட்டம்!

ஆகவே பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் சித்திக்கு இப்போதே போன் போடு. "சித்தி, புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வாறம். கோழியை அங்கேயே வாங்கி வையுங்கோ!"

சொல்லிவிட்டாயா? இனிப் பின்வாங்க முடியாது. டிக்கெட்டைப் போடு!