தண்ணீர்ப் பந்தலின் அறம்: கொடுக்கும் கையும் வாங்கும் கையும்

வழிப்போக்கருக்குக் கோடையில் நிழலும், குடிநீரும், நீர்மோரும், பானகமும் விலையின்றிக் கொடுக்கும் இடம் தண்ணீர்ப் பந்தல். தமிழ் மரபு எண்ணிச் சொல்லும் முப்பத்திரண்டு அறங்களில் இதுவும் ஒன்று. சிவன் அளந்து தந்த இருநாழி நெல்லைக் கொண்டு காஞ்சியில் காமாட்சி இந்த அறங்கள் அத்தனையையும் வளர்த்தாள் என்பது நம்பிக்கை. வடமொழி அறநூல்கள் நற்செயல்களை இஷ்டம், பூர்த்தம் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. வேள்வி முதலியவை இஷ்டம். கிணறு, குளம், சோலை, தண்ணீர்ப் பந்தல், அன்னம் இடுதல் ஆகியவை பூர்த்தம். வேள்வி செய்யப் பிறப்பும் மந்திரமும் பார்ப்பார்கள்; பூர்த்தம் யாரும் செய்யக்கூடியது. சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்காக நிலம் விட்ட செய்திகள் உண்டு. தண்ணீர் வார்ப்பவருக்கும், கலம் வனைந்து கொடுக்கும் குயவருக்கும் நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு குவளைத் தண்ணீரின் பின்னால் எத்தனை பேர் உழைப்பு இருக்கிறது என்பதை அறிந்து செய்த ஏற்பாடு அது.

இந்த அறத்தைப் பற்றிச் சிந்திக்கச் சேரப்பணஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் குறைவு. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே உள்ள ஊர் இது. வடகிழக்கே குன்றத்தூர், பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர். வடமேற்கே ஸ்ரீபெரும்புதூர், 1017-இல் இராமானுஜர் பிறந்த ஊர். மேற்கே காஞ்சிபுரம், மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் சோறிட்டதாகக் காப்பியம் சொல்லும் நகரம். இந்த மூன்றுக்கும் நடுவே இன்று கார், லாரி, மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பவர்கள், சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி ஓட்டுநர்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டிகள் என்று கத்திரி வெயிலில் தாகத்தோடு நிற்பவர்களுக்கு இங்கே குறைவில்லை.

தானத்துக்கு இடம், காலம், பாத்திரம் மூன்றும் பொருந்த வேண்டும் என்பது கீதை முதலிய நூல்களின் கருத்து. பாத்திரம் என்பது வாங்குபவரின் தகுதி. பொன்னும் பூமியும் கொடுக்கும்போது வாங்குபவர் கல்வியென்ன, ஒழுக்கமென்ன என்று பார்க்கச் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம். சோற்றுக்கும் தண்ணீருக்கும் அந்த விதி பொருந்தாது. பசித்தவரே சோற்றுக்குப் பாத்திரம், தாகமுற்றவரே தண்ணீருக்குப் பாத்திரம் என்று அறநூல் மரபே இந்த இரண்டையும் தனியாக நிறுத்திவிட்டது. கள்வனுக்கும் தொண்டை வறளும். அந்த நேரத்தில் அவன் கையில் ஊற்றும் தண்ணீர் களவுக்குத் துணைபோவதாகாது.

வள்ளுவர் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறார். இரவச்சம் என்னும் 107-ஆம் அதிகாரத்தில், தனக்கென்று இல்லாமல் ஒரு பசுவுக்காகத் தண்ணீர் கேட்டால்கூட அதைப் போல நாவுக்கு இழிவு தருவது வேறில்லை என்கிறார். இது கடுமையான தீர்ப்பு. கேட்பது ஒரு மிடறு தண்ணீர். அதுவும் வாயில்லாப் பிராணிக்கு. அதற்கே நாக்கு கூசுகிறது என்றால், தாகம் தீர்ப்பவர் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்வி எழுகிறது. கேட்ட பிறகு கொடுப்பவர் தாகத்தைத் தீர்க்கிறார். கேட்ட கூச்சம் அப்படியே நிற்கிறது. தண்ணீர்ப் பந்தலின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. சாலை ஓரத்தில் பந்தல் போட்டு, பானையை வைத்து, டம்ளரையும் பக்கத்தில் வைத்துவிட்டால் யாரும் யாரிடமும் வாய் திறக்க வேண்டியதில்லை. கேட்கும் நிலையையே வராமல் தடுக்கும் அறம் இது. ஈகையில் இதற்கு மேலான வடிவம் இருப்பதாகத் தெரியவில்லை.

சேக்கிழார் இந்த அறத்துக்கு ஒரு மனிதரைக் காட்டுகிறார். திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசரை நேரில் கண்டதில்லை. ஆனாலும் தம் பிள்ளைகளுக்கும், வீட்டிலுள்ள பொருள்களுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் அவர் பெயரையே இட்டிருந்தார். அவ்வழியே நடந்து வந்த நாவுக்கரசர் பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, வைத்தவர் யார் என்று விசாரித்து, வீடு தேடிச் சென்று, உம் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். கேட்பவர் யார் என்று அறியாத அப்பூதியடிகளுக்குக் கோபமே வருகிறது. அவர் அறம் செய்தார்; அறத்தின் பெயரை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். இன்றைய கோடையில் கட்சிக்காரர்கள் திறக்கும் பந்தல்களில் பானையை விடப் பேனர் பெரிதாக இருக்கிறது. அந்த மோரும் தாகம் தீர்க்கத்தான் செய்கிறது. குடிப்பவர் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் புகழை எதிர்பார்த்துக் கொடுப்பது கொடுக்கல் வாங்கலில்தான் சேரும். வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்றதெல்லாம் திரும்பி வரும் என்று எண்ணிக் கொடுப்பது என வள்ளுவர் வகுத்தது இதற்கும் பொருந்தும்.

பந்தலில் கொடுக்கும் பானங்களில் எதுவும் கடையில் வாங்கியது அல்ல என்பது பழைய ஏற்பாட்டின் இன்னொரு இயல்பு. நீர்மோருக்கு வேலை முந்திய நாள் மாலையே தொடங்குகிறது. பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, உறை ஊற்ற வேண்டும். சித்திரை வைகாசி வெக்கையில் தயிர் சீக்கிரம் தோய்ந்து சீக்கிரமே புளித்துவிடும். பொழுது பார்த்துக் கடைய வேண்டும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று நான்கு பங்கு தண்ணீர் விட்டு மத்தால் கடைந்து, திரளும் வெண்ணெயை எடுத்துவிட்டு, இடித்த இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கொத்தமல்லி, பெருங்காயம், உப்பு சேர்ப்பார்கள். உப்பு சுவைக்காக மட்டும் இல்லை. வியர்வையில் தண்ணீரோடு உப்பும் வெளியேறுகிறது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் அந்த இழப்பு ஈடாகாது. உலைப்பக்கமும் வெல்டிங் பக்கமும் நின்று வருபவருக்கு மோர் சரியான பானமாவது இதனால்தான்.

பானகம் அடுப்பேறாத பானம். ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, சுக்குப்பொடி, ஏலக்காய், கொஞ்சம் மிளகு, எலுமிச்சைச் சாறு சேர்த்தால் போதும். கோயிலில் துளசியும் துளி பச்சைக் கற்பூரமும் சேரும். இராமநவமிக்கு நீர்மோரோடும் வடைப்பருப்போடும் இதைப் படைத்துக் கொடுப்பார்கள். ஆந்திரத்தில் மங்களகிரி நரசிம்மருக்குப் பானகமே நிவேதனம். ஊற்றியதில் பாதியை அவர் ஏற்றுக்கொண்டு மீதியைப் பக்தருக்குத் திருப்பித் தருவார் என்பது அங்குள்ள நம்பிக்கை. கர்பலாவில் தண்ணீர் மறுக்கப்பட்டு உயிர் நீத்த, நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைனின் நினைவாக முஹர்ரம் நாளில் பானகம் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டு முஸ்லிம்களிடமும் உண்டு. பானகத்தில் இனிப்பு மிகுதி. உலகச் சுகாதார நிறுவனம் நீரிழப்புக்குச் சொல்லும் உப்புச் சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம் மட்டுமே. ஆகவே பானகத்தைச் சின்ன டம்ளரில் கொடுப்பதும், வியர்த்து வந்தவருக்கு மோரை முதலில் நீட்டுவதும் நல்லது.

கூழ் ஆடி மாதத்துக்கு உரியது. கேழ்வரகு மாவை முந்திய நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவைத்து, அதில் மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறுவார்கள். ஆறிய பிறகு தயிரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு கொடுப்பார்கள். வடதமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடத்தில் கூழ் கொண்டுவந்து அம்மன் கோயில் அண்டாவில் ஊற்றுவது வழக்கம். ஊற்றிய மறுகணம் எது யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் பிரிக்க முடியாது. மாரியம்மன் முன் நடக்கும் சடங்குகளில் மிக ஆழமானது இந்தக் கலப்புதான். ஆனால் ஊர்த்தெரு அண்டாவும் காலனி அண்டாவும் தனித்தனியே நிற்கும் ஊர்களும் உண்டு. அங்கே சடங்கு நடக்கிறது. அதன் உட்பொருள் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் தண்ணீர்ப் பந்தல் எழுப்பும் கடினமான கேள்வி வருகிறது. கொடுப்பது பற்றி எல்லா நூல்களும் பேசுகின்றன. பிறர் கையிலிருந்து வாங்கிக் குடிப்பது பற்றி என்ன? உயர்ந்த இடத்தில் இருப்பவர் கொடுக்கவே பழகியவர். அதில் அவர் உயரம் குறைவதில்லை. வாங்கிக் குடிக்கும்போதுதான் இறங்க வேண்டியிருக்கிறது.

இராமானுஜர் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வி தண்ணீர் வடிவில் தொடர்கிறது. வைணவக் குருபரம்பரைக் கதைப்படி, விந்தியக் காட்டில் தனித்து விடப்பட்ட இளம் இராமானுஜருக்கு ஒரு வேடனும் வேடுவச்சியும் வழித்துணையாக வந்தார்கள். மறுநாள் வேடுவச்சி தாகம் என்றதும் அருகிலிருந்த கிணற்றிலிருந்து கையில் ஏந்தி மூன்று முறை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மறுபடி போய்த் திரும்பியபோது இருவரையும் காணவில்லை; எதிரே காஞ்சி தெரிந்தது. வந்தவர்கள் வரதராஜரும் பெருந்தேவித் தாயாரும் என்று உணர்ந்தார். அன்று முதல் அந்தச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் ஒரு குடம் தண்ணீர் வரதருக்குச் சுமந்தார். இந்தக் கதையில் கடவுள் தாகத்தோடு வருகிறார், வேடுவச்சியாக வருகிறார். தீர்த்தம் தருபவராக வரவில்லை.

மற்றச் சமயங்களும் இதே இடத்தைத் தொட்டிருக்கின்றன. யோவான் நற்செய்தியில் இயேசு கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். யூதர் சமாரியரோடு பழகாத காலம்; அவளுக்கே திகைப்பு. பௌத்தக் கதையில் புத்தரின் சீடர் ஆனந்தர் ஒரு சண்டாளப் பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் தன் குலத்தைச் சொல்லித் தயங்க, தான் குலத்தைக் கேட்கவில்லை, தண்ணீரையே கேட்டதாகச் சொல்கிறார். மலையாளக் கவிஞர் குமாரன் ஆசான் 1922-இலும் தாகூர் 1933-இலும் இந்தக் கதையை மீண்டும் எடுத்தாண்டதற்குக் காரணம் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத் நகரின் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்ட நாடு இது. கிணற்றிலும் குளத்திலும் கடையிலும் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவில் எழுத வேண்டியிருந்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை பல காலம் தொடர்ந்தது.

இராமானுஜர் இந்தச் சோதனையைத் தம் வீட்டிலேயே சந்தித்தார். தம் குலத்தவர் அல்லாத திருக்கச்சி நம்பியைக் குருவாகக் கொண்டு, அவர் உண்ட மிச்சத்தை உண்ண விரும்பி விருந்துக்கு அழைத்தார். அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் நம்பி வந்து உண்டு சென்றதும், இராமானுஜரின் மனைவி இலையை எறிந்து வீட்டை மெழுகிவிட்டார். பின்னொரு நாள் இராமானுஜரின் ஆசாரியர் பெரிய நம்பியின் மனைவியோடு கிணற்றடியில், குடத்துத் தண்ணீர் தெறித்துத் தீட்டாயிற்று என்று சண்டை மூண்டது. இராமானுஜர் இல்லறத்தை விட்டதற்குக் குருபரம்பரை சொல்லும் காரணங்களில் இவை இரண்டும் உண்டு. இலையை எறிந்து வீட்டை மெழுகியதால் மட்டும் அவர் மனம் உடையவில்லை. திருக்கச்சி நம்பியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் பேறு போயிற்றே என்பதே அவர் வருத்தம்.

இன்று ஒரகடம் சாலையில் தாகம் எடுத்தால் பாட்டில் தண்ணீரும் குளிர்பானமும் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அடைத்தது யார் கை என்று பாட்டில் சொல்வதில்லை. காசு கொடுத்தவர் எல்லாரும் ஒரே மூடியைத் திறக்கிறார்கள். குவளையால் அவமானப்பட்டவர்களுக்கு இது ஒரு விடுதலை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் பாட்டில் அந்தக் கேள்வியைத் தள்ளி வைக்கிறது, தீர்க்கவில்லை. பாட்டில் தண்ணீரைத் தயங்காமல் குடிப்பவர், பக்கத்துத் தெருவில் கரைத்த கூழை வாங்கக் கை நீட்டுவாரா என்று பார்த்தால்தான் எது மாறியிருக்கிறது என்பது தெரியும். வீட்டில் செய்த பானத்துக்கு ஒரு கை இருக்கிறது. அதனால்தான் அதைக் கொடுப்பதிலும் வாங்குவதிலும் அறம் இருக்கிறது.

சேரப்பணஞ்சேரிப் பக்கம் பந்தல் வைப்பவர்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக்கொள்ளட்டும். அண்டாவில் கை படாதபடி நீண்ட காம்புள்ள கரண்டியால் மொள்ளட்டும். எல்லாருக்கும் ஒரே அண்டா, ஒரே வகை டம்ளர் இருக்கட்டும். மத்தியான ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மோர் தீராமல் பார்த்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் உண்டு. சித்திரை முதல் நாளை ஒட்டி ஒடிசாக்காரர்களுக்குப் பணா சங்கராந்தி வருகிறது. அவர்களின் புத்தாண்டும் அதுதான். வில்வப் பழத்தைக் கரைத்து வெல்லம் சேர்த்துப் பணா என்ற பானம் செய்வார்கள். இங்கே வாடகை அறையில் நான்கு பேராகத் தங்கியிருக்கும் ஒடியாத் தொழிலாளர்கள் அதைச் செய்து ஒரு டம்ளர் நீட்டினால், உள்ளூர்க்காரர்கள் மறுக்காமல் வாங்கிக் குடிக்க வேண்டும்.