அரியணையும் அக்கினியும்

சாசானிய மன்னர்களின் வெள்ளிக் காசு ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால், ஒரு புறம் உயர்ந்த மகுடம் தரித்த வேந்தனின் முகமும், மறுபுறம் சுவாலை எழும் அக்கினி பீடமும், அதன் இரு மருங்கிலும் காவல் நிற்கும் இரண்டு உருவங்களும் பொறிக்கப்பட்டிருக்கக் காணலாம். ராஜ்யத்தையும் தர்மத்தையும் இப்படி ஒரே வெள்ளித் துண்டில் பிணைத்து அடித்துவிட்டது அந்தத் தர்மத்துக்கு நன்மையாய் முடிந்ததா என்பதே என்னை நெடுநாள் உறுத்திவரும் கேள்வி.

கி.பி. 224-ல் பார்த்திய வேந்தன் அர்த்தபானனைப் போரில் வீழ்த்தி அர்தஷீர் நிறுவிய அரசு அது. ஜரதுஷ்டிரர் உபதேசித்த சமயம் அதற்கு முன்பே ஈரானியரின் இல்லங்களில் வாழ்ந்துகொண்டிருந்ததுதான். இந்த வமிசத்தின் காலத்தில் அது அதிகாரத்தின் துணையைப் பெற்றது. அவெஸ்தா மறையைத் தொகுத்து, அதன் உச்சரிப்புப் பிழையாதிருக்கத் தனி லிபியே வகுத்தளித்த பேருபகாரம் அக்காலத்தது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் கர்தீர் என்னும் தலைமைக் குரு பாறைகளில் வெட்டுவித்த சாசனங்களை வாசிக்கையில் மனம் கலங்குகிறது. அக்கினி ஆலயங்கள் பல நிறுவியதைச் சொல்லும் அதே பெருமிதத்தோடு, யூதரும் சிரமணரும் பிராமணரும் கிறிஸ்தவரும் தேசத்தில் ஒடுக்கப்பட்டதையும் அவர் சொல்லுகிறார். மாணி என்ற ஞானி சிறையிலேயே உயிர்நீத்ததும் அந்த நாட்களில்தான். நாம் மனம், வாக்கு, காயம் என்று கூறும் மூன்றையும் நல்லெண்ணம், நற்சொல், நற்செயல் என ஆக்கித் தந்த ஒரு மகத்தான சமயத்தின் பேரால் அல்லவா இவை நடந்தன!

நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஓங்கிய ராஜ்யம் சரிந்தது விரைவில். 614-ல் எருசலேமைக் கைப்பற்றிச் சிலுவையையே கவர்ந்து சென்ற படைகளின் அதிபதி இரண்டாம் குஸ்ரு, 628-ல் சொந்த மகனாலேயே அரியணை இழந்து கொலையுண்டான். பைசாந்தியரோடு கால் நூற்றாண்டு பொருது இளைத்த சேனை, 642-ல் நஹாவந்தில் அரபுப் படைக்கு முன் சிதறியது. கடைசி வேந்தன் மூன்றாம் யஸ்தகிர்த், 651-ல் மெர்வ் நகருக்கருகே ஒரு மாவரைப்பவனின் கையால் மாண்டான் என்பது மரபு. அரசனையே அண்டி நின்ற குருபீடமும் அவனோடு சாய்ந்தது.

சாயாமல் நின்றவை அரசன் கண்ணிலேயே படாத குடும்பங்களின் அடுப்பங்கரை நெருப்புகள். யஸ்த், கெர்மான் பக்கத்துக் கிராமங்களில் வரிச்சுமையையும் அவமதிப்பையும் தாங்கிக்கொண்டு சிலர் அவற்றைக் காத்தனர். கடல் கடந்து கூர்ஜர நாட்டுச் சஞ்சானில் இறங்கிய சிலர் அங்கே புதிதாய் ஓர் அக்கினியைப் பிரதிஷ்டை செய்தனர். பல ஊர்கள் மாறி உத்வாடா சேர்ந்த அந்த அக்கினிக்கு, மூச்சுக்காற்றும் படாதபடி வாயை வெண்துணியால் மூடிய புரோகிதர், நாளொன்றுக்கு ஐந்து வேளை மணியடித்துக் கட்டை சமர்ப்பிக்கிறார். படையோ முடியோ இல்லாத அம்மக்கள் அந்த நெருப்புக்கு இட்டு வழங்கும் பெயர் ஈரான்ஷா. ஈரானின் அரசன் என்பது அதன் பொருள்.